போர்டின் மேல் எதை ஊற்றுவது? தட்டாஞ்சாவடிப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையிலும் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனைப் பக்கத்திலும் சிறு மின்னணுச் சாதனங்கள் செய்யும் பட்டறை உரிமையாளர்களுக்கும், அங்கே அசெம்பிளி மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கும், இலாசுப்பேட்டை பாலிடெக்னிக்குகளிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவ மாணவியருக்கும்,



2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் நகரத்தில் கொட்டிய மழை ஏறத்தாழ 48 சென்டிமீட்டர். 2011 டிசம்பர் 30இல் வந்த தானே புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. ஃபெஞ்சல் வீட்டுக்குள் தண்ணீரை நிறுத்தியது. அப்படியொரு வெள்ளம் எப்போதோ ஒருமுறைதான் வரும். வங்கக் கடலின் உப்புக் காற்றோ ஆண்டு முழுக்க வீசுகிறது. வாசல் விளக்கின் எல்.இ.டி. டிரைவர், தொட்டி நிறைந்ததும் பம்பை நிறுத்தும் சிறு போர்டு, தெருவிளக்கின் சென்சார், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிற்கும் படகின் விளக்கு என எல்லாவற்றையும் அது சத்தமில்லாமல் அரிக்கிறது. வழுதாவூர் சாலையோரப் பேட்டைக்கும் கடலுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் தூரம்.

இந்த உப்புக்கும் ஈரத்துக்கும் எதிராக உங்களில் பலர் நம்பியிருப்பது பாட்டிங்கை. ரெசினையும் ஹார்டனரையும் கலந்து, போர்டு இருக்கும் பெட்டிக்குள் ஊற்றி, இறுகவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிடுகிறீர்கள். எந்த ரெசின் என்ற கேள்விக்குப் பல பட்டறைகளில் கிடைக்கும் பதில் இரண்டு: சென்னை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் அன்றைக்கு எது மலிவாகக் கிடைத்ததோ அது, அல்லது, இறுகினால் எது கல்லுப்போல ஆகுமோ அது. இரண்டாவது பதிலைக் குறித்துத்தான் இந்த மடல். கெட்டியாக இருப்பது பாதுகாப்பு என்ற நம்பிக்கையால் நல்ல போர்டுகள் ஏராளமாகச் செத்துக்கொண்டிருக்கின்றன.

பாட்டிங் உங்களுக்குப் புதிதல்ல, வாடிக்கையாளருக்கும் புதிதல்ல. வீட்டுக் கூரை விசிறிகள் பலவற்றில் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று சின்னப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ரெசினில் மூழ்கியிருக்கிறது. பைக்குகளில் சி.டி.ஐ. யூனிட் என்ற கறுப்புப் பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வழவழப்பாக ரெசின் தெரியும். இரு சக்கர வாகனங்களுக்கான இந்த இக்னிஷன் சாதனங்களைச் செய்யும் பெரிய இந்திய நிறுவனங்களில் ஒன்று, ஓசூரில் தொடங்கிய இந்தியா நிப்பான் எலக்ட்ரிகல்ஸ். அதன் ஆலைகளில் ஒன்று உங்கள் பக்கத்திலேயே, நெட்டப்பாக்கம் கொம்யூனில் கரியமாணிக்கத்தில் இருக்கிறது. இருபதாயிரம் வோல்ட்டைத் தொடும் சாதனம் எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் மழையிலும் வருஷக்கணக்கில் உழைப்பதற்கு, எதை ஊற்றுவது, எப்படி ஊற்றுவது என்ற கணக்கும் ஒரு காரணம். ஆக இந்த வித்தை தொலைதூரத்தில் இல்லை, பேருந்து ஏறினால் போய்விடும் தூரத்தில் இருக்கிறது.

அந்த இக்னிஷன் சாதனங்களில் காயிலை மட்டும் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம். இக்னிஷன் காயிலில் தலைமுடி போன்ற எனாமல் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். சுற்றுகளுக்கு நடுவே ஒரு சிறு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டாலும் அதற்குள் மின்கசிவு பொறி பொறியாக நடக்கும். நாளடைவில் அது எனாமலைத் தின்று காயிலைக் கொன்றுவிடும். அதனால் காயிலை வேக்குவத்தில் வைத்து, நீர்போல் ஓடும் எபாக்ஸியை உள்ளே இழுத்து, காற்றே இல்லாமல் நிரப்புகிறார்கள். அந்த எபாக்ஸியில் சிலிக்கா மாவும் கலந்திருக்கும். கம்பி நகரக் கூடாது, காற்று இருக்கக் கூடாது, சூடு தாங்க வேண்டும் என்ற மூன்றும் சேரும் இடத்தில் கெட்டியான எபாக்ஸிதான் சரி. உயர் அழுத்தக் காயிலுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதைவிட நல்லது எளிதில் கிடைக்காது.

எதற்கெடுத்தாலும் எபாக்ஸி என்ற நம்பிக்கை வந்ததற்கு வரலாறும் ஒரு காரணம். சுவிட்சர்லாந்தின் பியேர் காஸ்தான், அமெரிக்காவின் சில்வன் கிரீன்லீ இருவரும் 1930களிலும் 40களிலும் தனித்தனியே உழைத்து இந்தப் பிசினை உருவாக்கினார்கள். சீபா நிறுவனம் 1946இல் பாசல் நகரக் கண்காட்சியில் அதை அரால்டைட் என்ற பெயரில் காட்டியது. அந்தப் பெயர் இந்தியாவில் ஒவ்வொரு ஹார்டுவேர் கடைக்கும் வந்து சேர்ந்தது. 2020இல் பிடிலைட் நிறுவனம் அந்த வணிகத்தை இந்தியாவில் வாங்கியது. உடைந்த கண்ணாடியும் பீங்கானும் ஒட்டிய வீட்டில், ஒட்டும் பிசின் என்றாலே எபாக்ஸி என்ற எண்ணம் தங்கிவிட்டது. ஆனால் ஒட்டும் வேலை வேறு, பொதியும் வேலை வேறு.

வேறுபாடு சூட்டில் தெரியும். எந்தப் பொருளும் சூடேறினால் விரியும். மாவு கலக்காத எபாக்ஸி ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் சுமார் 60 பங்கு விரிகிறது. ஃபைபர் கிளாஸ் போர்டு சுமார் 15 பங்கு. 100 மில்லிமீட்டர் நீள போர்டு 50 டிகிரி சூடேறினால் போர்டு 0.075 மில்லிமீட்டர் நீளும், அதன் மேல் ஒட்டியிருக்கும் எபாக்ஸி 0.3 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். மிச்சமுள்ள 0.225 மில்லிமீட்டரை யார் தாங்குவது? போர்டின் மேல் நிற்கும் உதிரிகள்தான். அரிசிமணி அளவுள்ள செராமிக் கெபாசிட்டர் விரிசல் விடுகிறது. கண்ணாடி உடல் கொண்ட டையோடு பிளக்கிறது. சோல்டர் இணைப்பு தினம் ஒருமுறை இழுபட்டு இழுபட்டு ஒரு நாள் விடுகிறது. ஃபெரைட் கோரைச் சுற்றி எபாக்ஸி இறுகினால் அந்த இறுக்கத்திலேயே அதன் இண்டக்டன்ஸ் குறைந்துபோவதும் உண்டு. மேசையில் டெஸ்ட் செய்தபோது ஓடிய சர்க்யூட் பாட்டிங் ஆனதும் ஓடாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

தெருவிளக்கு டிரைவரை நினைத்துப் பாருங்கள். மே மாத வெயிலில் கம்பத்தின் மேல் பெட்டிக்குள் 70 டிகிரி. மாலையில் திடீர் மழை, அடுத்த அரை மணி நேரத்தில் 30 டிகிரி. ஒரு வருஷத்தில் எத்தனை முறை அந்த இழுபறி நடக்கும் என்று எண்ணிப் பார்த்தால், கல்லுப்போன்ற ரெசின் உங்கள் சரக்கைக் காக்கிறதா உடைக்கிறதா என்பது விளங்கும். 2015 ஜனவரியில் தேசியத் தெருவிளக்குத் திட்டம் தொடங்கியதிலிருந்து எல்.இ.டி. டிரைவர்களுக்குப் பெரிய சந்தை திறந்திருக்கிறது, அவற்றுக்கு ஐ.எஸ். 15885 தரத்தின்கீழ் கட்டாயப் பதிவும் உண்டு. வாசலில் விற்பனையாகும் சரக்குக்கும் கம்பத்தில் பல வருஷம் நிற்க வேண்டிய சரக்குக்கும் ஒரே டப்பா ரெசின் பொருந்தாது.

டேட்டா ஷீட்டில் டி.ஜி. என்று ஒரு வரி இருக்கும். அந்த வெப்பநிலைக்கு மேலே போனால் எபாக்ஸி கண்ணாடித் தன்மையை இழந்து ரப்பர்போல் ஆகும், விரிவும் ஏறக்குறைய மூன்று மடங்காகும். சாதாரண அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிகளுக்கு இந்த அளவு 50, 60 டிகிரி அளவில்தான் நிற்கும். ஐந்து நிமிடத்தில் இறுகும் விரைவு எபாக்ஸிக்கு இன்னும் கீழே. புதுச்சேரியின் கோடையில் ஒரு கறுப்புப் பெட்டி அந்த அளவைத் தினமும் தாண்டும். தயவுசெய்து அந்த ஒரு வரியையாவது வாங்குவதற்கு முன் படியுங்கள். சப்ளையர் டேட்டா ஷீட் தரவில்லை என்றால் அந்த டப்பாவை வாங்காமல் திரும்பி வருவதே லாபம்.

இங்கே பலருக்கு உதவக்கூடியது பாலியூரித்தேன், உங்கள் பேச்சில் பி.யூ. இறுகிய பிறகும் ரப்பர்போல் வளையும், கடுங்குளிரிலும் வளையும், சின்ன உதிரிகளை நெருக்காது. கடலடிச் சோனார் உணரிகளைப் பொதிவதற்கும் உலகெங்கும் இதைத்தான் நாடுகிறார்கள். பி.யூ.வின் ஒரு பாதி எங்கிருந்து வருகிறது என்பது நம்மூர்க்காரருக்கு ஆர்வம் தரும் செய்தி. பல பி.யூ. பாட்டிங் கலவைகளின் அடிப்படை, விளக்கெண்ணெய். ஆமணக்கு எண்ணெயில் சுமார் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அதிலுள்ள ஹைட்ராக்சில் கூறு ஐசோசயனேட்டோடு நேராகப் பிணைந்து ரப்பராகிறது. உலகத்து விளக்கெண்ணெயில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் பெரும்பங்கு குஜராத்தில் விளைகிறது. இன்னொரு வகை பி.யூ. எச்.டி.பி.பி. என்ற பிசினில் செய்யப்படுவது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் அடுக்கில் 130 டன்னுக்கு மேற்பட்ட திட எரிபொருளைக் கட்டிப்பிடித்திருப்பதும் இதே எச்.டி.பி.பி.தான். இந்த வகை தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். கடலோரச் சரக்குக்குப் பொருத்தமானது.

ஆனால் பி.யூ.வுக்குப் புதுச்சேரி எளிதான ஊர் அல்ல. ஐசோசயனேட் ரெசினோடு சேர வேண்டியது, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். ஐப்பசி மழையில் ஜன்னல் திறந்த அறையில் கலக்கினால் பெட்டிக்குள் நுரை. மேலே வழவழப்பாகத் தெரிந்தாலும் உள்ளே தேன்கூடு. ஒவ்வொரு குமிழியும் நாளைக்குத் தண்ணீர் தங்கும் குழி. திறந்த ஹார்டனர் டப்பாவை அப்படியே மூடி வைக்கக் கூடாது. உலர்ந்த நைட்ரஜனோ உலர்ந்த காற்றோ மேலே நிரப்பி மூட வேண்டும். அது முடியாத இடத்தில் சிறிய டப்பாவாக வாங்கித் திறந்த அன்றே தீர்ப்பது நல்லது. இன்னொரு எல்லை: சாதாரண பி.யூ. 120, 130 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் தாங்காது. மலிவான வகைகள் சூடும் ஈரமும் சேர்ந்தால் மெல்ல மெல்லப் பிசுபிசுத்துக் கரைந்துபோகும்.

ஐசோசயனேட்டைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இந்த மடல் நகராது. அதன் ஆவியும் தூசும் மூச்சில் போனால் சிலருக்கு உடம்பு அதற்கு ஒவ்வாமை கொள்ளும். அப்படி ஆகிவிட்டால் பிறகு மிகச் சிறு அளவே ஆஸ்துமாவைக் கிளப்பும், பெரும்பாலோருக்கு அது ஆயுள் முழுக்கத் தொடரும். எபாக்ஸியின் அமீன் ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு கைகள் வெடித்துப் புண்ணாகும். அசெம்பிளி மேசைகளில் உட்காருவோரில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக்குப் போய் அந்தக் கையாலேயே சமைத்துக் குழந்தைக்கு ஊட்டுகிறவர்கள். நைட்ரைல் கையுறை கொடுங்கள். ஊற்றும் மேசைக்கு மேல் காற்றை வெளியே இழுக்கும் விசிறி வையுங்கள். கையில் ஒட்டிய ரெசினைத் தின்னரால் துடைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். தின்னர் அதைத் தோலுக்குள் கொண்டுபோகிறது. சோப்பும் தண்ணீரும் போதும்.

சிலிக்கோன் மூன்றாவது. விலை அதிகம், ஆனால் −50 முதல் 200 டிகிரி வரை குணம் மாறாமல் இருக்கும். அது எபாக்ஸியைவிட நான்கு மடங்கு அதிகமாக விரியும் என்பதைக் கேட்டால் முதலில் பயம் வரும். விரிவது மட்டும் போர்டை உடைப்பதில்லை, விரியும் பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதும் சேர வேண்டும். எபாக்ஸி சிலிக்கோனைவிட ஆயிரம் மடங்கு விறைப்பு. ஆகவே சிலிக்கோன் எவ்வளவு விரிந்தாலும் கெபாசிட்டர் மேல் விழும் விசை அற்பம். பெட்டியை மட்டும் விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடிவிடாதீர்கள். 50 டிகிரி சூட்டில் சிலிக்கோனின் கன அளவு சுமார் 4 சதவீதம் பெருகும். அதற்கு இடம் விடவில்லையென்றால் மூடி கிளம்பிவிடும்.

சிலிக்கோனைக் குறித்து விளங்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நீராவி அதற்குள் எளிதாகப் புகுந்துவிடும். எபாக்ஸியைவிடப் பல மடங்கு எளிதாக. அப்படியிருந்தும் மழையிலும் பனியிலும் கிடக்கும் எத்தனையோ சாதனங்களை அது காக்கிறது. காரணம், அரிப்பு நடக்க ஆவி போதாது. செம்பின் மேல் உப்பு கரைந்த மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். சிலிக்கோன் போர்டின் பரப்பில் இடைவெளியில்லாமல் ஒட்டியிருந்தால் அந்தப் படலம் உருவாக இடமே இல்லை. ஆகவே எந்தப் பாட்டிங்கிலும் உயிர் நிற்பது ஒட்டுதலில். கல்லுப்போன்ற எபாக்ஸி போர்டிலிருந்து ஒரு மயிரிழை விலகினால்கூட அந்த இடைவெளியில் நீர் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இங்கேதான் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். குளியலறை ஓரத்துக்குப் பூசும் சிலிக்கோன் குழாயை வாங்கி போர்டின் மேல் பிழிந்துவிடுகிறார்கள். பிழியும்போது வினிகர் வாடை அடித்தால் அது இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும் வகை. அந்த அமிலம் செம்பையும் சோல்டரையும் பச்சையாகப் பூக்கவைக்கும். மின்னணுவுக்கு வாடை இல்லாத, நடுநிலையாக இறுகும் வகைதான் வேண்டும். இன்னொன்று: இந்தக் குழாய்ச் சிலிக்கோன்கள் காற்றின் ஈரத்தால் வெளியிலிருந்து உள்ளே, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வீதம்தான் இறுகும். 20 மில்லிமீட்டர் ஆழப் பெட்டியில் நிரப்பினால் அடியில் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஆழமான பெட்டிக்கு இரண்டு பாகச் சிலிக்கோன் தேவை. அதிலும் பிளாட்டினம் வகையாக இருந்தால், கந்தகம் கலந்த ரப்பர், சில பிளக்ஸ் எச்சங்கள், அமீன் ஹார்டனர் பட்ட கருவிகள் எல்லாம் அதன் எதிரிகள். எபாக்ஸி கலக்கிய அதே கோப்பையில் அதைக் கலந்தால் இறுகவே இறுகாது.

தப்பான பொதிபொருள் எவ்வளவு பெரிய நிறுவனத்தையும் வீழ்த்தும் என்பதற்கு 2001 வாக்கில் நடந்தது சான்று. ஃபுஜிட்சுவின் ஹார்டு டிஸ்குகள் உலகெங்கும் சில மாத உபயோகத்துக்குப் பிறகு கூட்டங்கூட்டமாகச் செத்தன. தேடிப்போனபோது குற்றவாளி டிஸ்கும் அல்ல, மோட்டாரும் அல்ல. ஒரு சிப்பைச் சுற்றிய கறுப்பு எபாக்ஸி. தீப்பற்றாமல் இருக்க அந்த எபாக்ஸியில் புரோமினுக்குப் பதிலாகச் சிவப்பு பாஸ்பரஸ் துகள் சேர்த்திருந்தார்கள். துகள்களின் மேல் இருந்த காப்புப் பூச்சு போதவில்லை. காற்றின் ஈரம் பட்டுப் பாஸ்பரிக் அமிலம் உருவாகி, சிப்பின் கால்களுக்கு நடுவே உலோகம் வளர்ந்து ஷார்ட் ஆனது. விவகாரம் நீதிமன்றம்வரை போனது. அது சிப் தொழிற்சாலையில் அச்சில் வார்க்கும் கலவை. நீங்கள் கையால் ஊற்றும் கலவைக்கு அண்ணன் முறை. தீத்தடுப்புச் சான்றான யு.எல். 94 வி-0 இருக்கிறதா என்று கேட்கும்போதே, அது எதனால் கிடைத்தது என்றும் கேளுங்கள்.

இனி, ஊற்றுவதற்கு முந்தைய வேலை. ரெசின் தேர்வுக்கு மூளையைக் கசக்குகிறவர்கள்கூட இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிளக்ஸ் எச்சத்தைக் கழுவாத போர்டின் மேல் எந்த ரெசினை ஊற்றினாலும் அழுக்கையும் உப்பையும் சேர்த்துப் பூட்டியதாகத்தான் ஆகும். வெறும் விரலால் தொட்ட வியர்வையும் குளோரைடுதான். கழுவி, 70, 80 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து எடுத்தால் ஃபைபர் கிளாஸ் உறிஞ்சிய ஈரம் போகும். சூடு ஆறுவதற்குள் ஊற்றினால் ரெசின் இடுக்குகளுக்குள் நன்றாக ஓடும். கடற்கரை ஊரில் இந்த இரண்டு படிகள், ரெசினின் விலை வித்தியாசத்தைவிட அதிகம் சாதிக்கும்.

கேபிளையும் பாருங்கள். பாட்டிங் முழுசாக இருந்தும் உள்ளே தண்ணீர் போனதென்றால் பெரும்பாலும் அது கேபிள் வழியாகத்தான் வந்திருக்கும். பல இழைச் செம்புக் கம்பியின் இழைகளுக்கு நடுவே, இன்சுலேஷனுக்குள், நீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறி மீட்டர்க் கணக்கில் நகரும். பொதிக்குள் வரும் இடத்தில் ஒவ்வொரு வயரிலும் சிறிது தூரம் இன்சுலேஷனை உரித்து, இழைகளைச் சோல்டரால் நிறைத்து, அந்த உரித்த பகுதியும் ரெசினில் மூழ்கும்படி வைத்தால் அந்த வழி அடைபடும். பி.வி.சி. மேல் எல்லா ரெசினும் ஒட்டாது. பாலித்தீன் மேல் எதுவுமே சரியாக ஒட்டாது.

எடைபோடுவதில் கண்டிப்பு வேண்டும். 100க்கு 12 என்ற விகிதத்தில் 50 கிராம் ரெசினுக்கு ஹார்டனர் 6 கிராம். ஒரே ஒரு கிராம் பிசகினால் 17 சதவீதப் பிழை. கண்ணளவும் மூடியளவும் இங்கே செல்லாது. நிரப்பு மாவு உள்ள ரெசினில் மாவு டிரம்மின் அடியில் படிந்துவிடும். மேலாக மொண்டு ஊற்றிய முதல் நூறு பெட்டிக்கும் கடைசி நூறு பெட்டிக்கும் சம்பந்தமே இருக்காது. கிளறிவிட்டு எடுங்கள். விலை ஒப்பிடும்போது கிலோ விலையை விட்டு லிட்டர் விலையைப் பாருங்கள்: 100 மில்லி பெட்டியை நிரப்ப மாவு கலந்த ரெசின் சுமார் 160 கிராம் ஆகும், மாவில்லாதது 105 கிராம்.

கத்திரி வெயிலில் டேட்டா ஷீட்டின் நேரக்கணக்கு பொய்த்துப்போகும். அதில் எழுதியிருக்கும் வேலைநேரம் 25 டிகிரிக்கு. 10 டிகிரி கூடினால் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகும். 37, 38 டிகிரி அறையில் முப்பது நிமிடக் கலவை பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கட்டியாகும். மொத்தமாகக் கலந்துவைத்த எபாக்ஸி தன் சூட்டிலேயே கொதித்து, புகைந்து, கோப்பையையே உருக்கும். அதே சூடு பெரிய பெட்டிக்குள்ளும் நடந்து எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை வாட்டும். ஆழமான பெட்டியில் இரண்டு தவணையாக ஊற்றுவது இதற்காகத்தான்.

அந்த எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குத் தனிக் கவனம் தேவை. அதன் தலையில் அழுத்தம் வெளியேற ஒரு வெட்டுக்கோடு இருக்கும். அதை ரெசினில் புதைத்தால் அது தன் வேலையைச் செய்ய முடியாது. 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். காற்றைவிட வெறும் ரெசின் எட்டு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும், மாவு கலந்தது இன்னும் பல மடங்கு. சூடான டிரான்சிஸ்டரிலிருந்து அலுமினியப் பெட்டிக்குச் சூட்டைக் கொண்டுபோக அது நல்லது. பக்கத்திலிருக்கும் கெபாசிட்டருக்கும் அதே சூட்டைக் கொண்டுபோகும் என்பதை மறக்க வேண்டாம். மூடி இல்லாத ரிலே, டிரிம்மர், பஸ்ஸர் இவற்றின் மேல் எதையும் ஊற்றக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

எல்லாவற்றையும் பொதிய வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. வீட்டுக்குள் சுவரில் இருக்கும் டைமருக்கு மெல்லிய அக்ரிலிக் வார்னிஷ் பூச்சே போதும். நல்ல கேஸ்கெட்டும், காற்று போய்வர ஒரு சவ்வு வென்ட்டும் உள்ள பெட்டி பல வெளிப்புறச் சாதனங்களுக்குப் போதும். பொதிந்துவிட்டால் ஒரு ரெசிஸ்டர் போனாலும் முழுச் சாதனமும் குப்பை. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகள் அந்தக் குப்பையின் பொறுப்பை உற்பத்தியாளரிடம் கொண்டுவருகின்றன. சிலிக்கோன் ஜெல் ஊற்றினால் கத்தியால் கீறி, உதிரியை மாற்றி, மறுபடி ஊற்றலாம். காந்தி வீதியிலோ நேரு வீதியிலோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர் திறந்து பார்க்கக்கூடிய சாதனம், வாங்கியவருக்கு உண்மையிலேயே அதிக நாள் உழைக்கும். சர்க்யூட்டை யாரும் காப்பியடிக்கக் கூடாது என்பதற்காக மட்டும் கறுப்பு எபாக்ஸியில் புதைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஐ.சி.யின் எழுத்தைச் சுரண்டினால் அந்தக் காரியம் பாதி முடிந்துவிடும்.

தேர்ந்தெடுத்ததைச் சோதிக்காமல் ஆர்டருக்கு அனுப்பாதீர்கள். சென்னை கிண்டியில் எம்.எஸ்.எம்.இ. சோதனை மையம் இருக்கிறது. பட்டறையிலேயே செய்யக்கூடியதும் உண்டு. பத்துப் பெட்டிகளை எடுத்து, 80 டிகிரி ஓவனிலிருந்து ஃபிரீசருக்கும் ஃபிரீசரிலிருந்து ஓவனுக்குமாக ஐம்பது முறை மாற்றுங்கள். பிறகு உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, தினமும் மெக்கரால் இன்சுலேஷனை அளந்து எழுதுங்கள். சிப் தொழிலில் 121 டிகிரி நீராவியில், காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் சரக்கை வைக்கும் ஒரு சோதனை உண்டு. அதற்குப் பெயரே பிரஷர் குக்கர் சோதனை. சமையலறைக் குக்கரும் கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் வேகவைக்கிறது. பழைய குக்கர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். அதை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. இந்தச் சோதனையில் பி.யூ. கொஞ்சம் அநியாயமாகத் தோற்கும். ஆகவே ஒரே வகையில் இரண்டு ரெசின்களை ஒப்பிட மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வேக்குவம் சேம்பர், நல்ல ஓவன், உப்புத் தெளிப்புப் பெட்டி மூன்றையும் ஒரு சின்னப் பட்டறை தனியாக வாங்குவது கஷ்டம். பத்துப் பட்டறைகள் சேர்ந்தால் கஷ்டமில்லை. சிறுதொழில் குழுமங்களுக்கான ஒன்றிய அரசின் திட்டத்தில் பொது வசதி மையம் அமைக்க உதவி கிடைக்கிறது. மாவட்டத் தொழில் மையம் தட்டாஞ்சாவடியிலேயே இருக்கிறது.  காலாப்பட்டுப் பக்கம் பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் புராஜெக்ட் தலைப்பு தேவைப்படுகிறது. ஐந்து ரெசின்கள், ஒரே போர்டு, கடற்கரைச் சாலையில் ஒரு மாடியில் ஆறு மாதம் என்று ஒரு தலைப்பைக் கொடுங்கள். கிடைக்கும் கணக்கு எந்த வெளிநாட்டு டேட்டா ஷீட்டிலும் இல்லாதது. அதைப் பேட்டை முழுக்கப் பகிர்ந்துகொள்ளுங்கள். இதற்கிடையில், வரும் மழைக்கு முன் அனுப்பும் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ரெசினின் பெயர், பேட்ச் எண், ஊற்றிய தேதி மூன்றையும் எழுதுங்கள். திரும்பி வரும் பெட்டியை அறுத்துப் பார்க்கும் நாளில், உள்ளே இருப்பது எது என்று தெரியாமல் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

அன்புடன்,
உங்கள் சரக்கு நெடுநாள் உழைக்க விரும்பும் ஒருவர்